சிறைப்பட்டவருக்கு ஒரு சிபாரிசு

 



சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பிள்ளைக்குக் காலேஜில் ஒரு சீட்டு, மருமகனுக்கு துபாயில் ஒரு வேலை, தாலுகா ஆபீஸில் நின்றுபோன ஒரு பட்டா. நாலு பேரைத் தெரிந்தவரிடம் போய் நிற்போம். அவரும் போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசுவார். காரியம் முடிந்துவிடும்.

இந்தச் சிபாரிசைப் பற்றி அல்லாஹ் தன் திருமறையில் பேசுகிறான். அந்நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனத்தைப் புரட்டிப் பாருங்கள். நல்ல காரியத்துக்காகப் பரிந்து பேசுகிறவருக்கு அந்த நன்மையில் ஒரு பங்கு உண்டு. தீய காரியத்துக்குப் பரிந்து பேசுகிறவருக்கு அந்தத் தீமையிலும் பங்கு உண்டு என்கிறான். நபி (ஸல்) அவர்களிடம் யாராவது தேவை கேட்டு வந்தால், அருகில் இருக்கும் தோழர்களைப் பார்த்து, இவருக்காக நீங்கள் பரிந்து பேசுங்கள், உங்களுக்குக் கூலி உண்டு என்று தூண்டுவார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. முடிவு அல்லாஹ்வின் கையில். பேசியவருக்கான கூலி, பேசிய உடனேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அப்படியானால் சிபாரிசு யாருக்கு அதிகம் தேவை? சீட்டு கிடைக்காதவருக்கா, வெளியே வரவே வழியில்லாமல் நாலு சுவருக்குள் அடைபட்டிருப்பவருக்கா?

*76 நாட்கள்*

பஹ்ரைன் நாட்டின் கால்பந்து வீரர் ஹகீம் அல் அரைபி. தேசிய அணிக்காக ஆடியவர். 2012இல் அங்கு நடந்த கைது நடவடிக்கைகளில் அவரும் பிடிபட்டார். காவலில் தன் கால்களில் அடித்ததாகவும், இனி நீ பந்து ஆடவே முடியாது என்று மிரட்டியதாகவும் பின்னாளில் அவர் சொன்னார். காவல் நிலையம் ஒன்றைத் தாக்கினார் என்பது வழக்கு. அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போட்டியில் ஆடிக்கொண்டிருந்தேன் என்பது அவருடைய பதில். 2014இல் அவர் இல்லாமலேயே பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிச் சென்றார். 2017இல் அந்த நாடு அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது. மெல்பர்னில் பாஸ்கோ வேல் என்ற சிறிய கிளப்பில் ஆடிக்கொண்டு, அமைதியாக வாழ்ந்துவந்தார்.

2018 நவம்பர் 27. புது மனைவியுடன் தேனிலவுக்காக பாங்காக் விமான நிலையத்தில் இறங்கினார். அங்கேயே கைது செய்யப்பட்டார். காரணம், பஹ்ரைன் கேட்டு இன்டர்போல் வெளியிட்டிருந்த ரெட் நோட்டீஸ். தப்பி வந்த நாட்டின் வேண்டுகோளுக்காக ஓர் அகதியின் மீது அப்படி நோட்டீஸ் போடக் கூடாது என்பது இன்டர்போலின் சொந்த விதி. சில நாட்களில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் மனிதர் வெளியே வரவில்லை. அவரை நாடு கடத்தும் வழக்கு தொடங்கிவிட்டது.

இப்போது அவருக்காக யார் பேசுவது?

பேச முன்வந்தவர் கிரெய்க் ஃபாஸ்டர். ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன், தொலைக்காட்சி வர்ணனையாளர். ஹகீமுக்கு அவர் உறவுமில்லை, ஊருமில்லை, மார்க்கமும் வேறு. இருவருக்கும் அதற்கு முன் பழக்கமும் கிடையாது. அவரும் பந்து ஆடியவர், நானும் பந்து ஆடியவன் என்ற ஒரு தொடர்புதான். அந்த ஒரு தொடர்பைப் பிடித்துக்கொண்டு மனிதர் பாங்காக் போனார், சிறையில் போய்ப் பார்த்தார், சூரிச்சில் இருக்கும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் வாசலைத் தட்டினார். மனித உரிமையை மதிப்போம் என்று 2017இல் நீங்களே கொள்கை எழுதி வைத்திருக்கிறீர்களே, அதன்படி நடங்கள் என்று கேட்டார். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரோ பஹ்ரைன் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தப் பதவியின் முன்னாலும் ஃபாஸ்டர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

ஒருவர் பேசத் தொடங்கியதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ட்ரோக்பா, ஜேமி வார்டி போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா தன் இளையோர் அணியின் தாய்லாந்துப் பயணத்தை ரத்து செய்தது. அதே 2018ஆம் ஆண்டு ஜூலையில் தாய்லாந்தின் வெள்ளம் சூழ்ந்த குகையில் சிக்கிய கால்பந்துச் சிறுவர்களை மீட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மீட்பில் உதவிய இரண்டு ஆஸ்திரேலிய முக்குளிப்பாளர்களும் தாய்லாந்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த நாட்டில் தங்களுக்குக் கிடைத்த மரியாதையை ஒரு கைதிக்காகச் செலவு செய்தார்கள்!

2019 பிப்ரவரி 4. கால்களில் விலங்குடன் ஹகீமை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். என்னை பஹ்ரைனுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று அவர் கதறியதை உலகமே பார்த்தது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 11 அன்று, பஹ்ரைன் தன் கோரிக்கையை விலக்கிக்கொண்டது. 76 நாட்களுக்குப் பிறகு கதவு திறந்தது. மறுநாள் மெல்பர்ன் விமான நிலையத்தில் அவரை வரவேற்க மக்கள் திரண்டு நின்றார்கள். அடுத்த மாதமே அவருக்குக் குடியுரிமையும் கிடைத்தது.

*நஜாஷியின் அரசவை*

அன்பானவர்களே! நமக்கு இது புதிய கதையா? நம் வரலாற்றின் முதல் பக்கங்களே இதுதான்.

மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனார்கள். குறைஷிகள் சும்மா விட்டார்களா? அம்ரு பின் ஆஸையும் அப்துல்லாஹ் பின் அபீரபீஆவையும் அனுப்பினார்கள். அவர்கள் இருவரும் அப்போது இஸ்லாத்துக்கு வரவில்லை. உயர்ந்த தோல் பொருட்களைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு, முதலில் அரசவைப் பாதிரிகளைக் கையில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து ஓடி வந்தவர்களை எங்களிடமே ஒப்படைத்துவிடுங்கள் என்பது கோரிக்கை. அவர்களைப் பேசவிடாமலேயே ஒப்படைக்க வேண்டும் என்பது திட்டம். இன்றைக்கு நாடு கடத்தல் வழக்கு என்கிறோமே, அதுதான் இது.

நஜாஷி மன்னர் என்ன செய்தார்? என்னை நம்பி வந்தவர்களை விசாரிக்காமல் தரமாட்டேன் என்றார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். மர்யம் அத்தியாயத்தை ஓதினார்கள். மன்னரின் கண்கள் கலங்கின. காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்து, தூதர்களை வெறுங்கையோடு அனுப்பிவைத்தார்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அன்று விரட்டியவர்கள் இணைவைப்பாளர்கள். ஹகீமை விரட்டியது ஒரு முஸ்லிம் நாட்டின் அரசு. இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் அநியாயத்துக்கு முஸ்லிம் பெயர் வைத்தால் அது நியாயமாகிவிடாது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள்; அவன் கையைத் தடுப்பதுதான் அந்த உதவி என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

*முத்இம் பின் அதீக்கு ஒரு நன்றி*

தாயிஃபில் கல்லடி பட்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குத் திரும்புகிறார்கள். சொந்த ஊருக்குள் நுழைய முடியாத நிலை! அடைக்கலம் கேட்டு அக்னஸ் பின் ஷரீக்கிடம் ஆள் அனுப்பினார்கள். நான் ஒப்பந்தக்காரன், எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். ஸுஹைல் பின் அம்ரிடம் கேட்டார்கள். எங்கள் குலம் அந்தக் குலத்துக்கு எதிராக அடைக்கலம் தருவதில்லை என்றார். இருவர் சொன்னதும் அன்றைய வழக்கப்படி சட்டம் பிசகாத பதில்தான்! மூன்றாவதாக முத்இம் பின் அதீயிடம் கேட்டார்கள். அவர் தன் பிள்ளைகளை ஆயுதம் தாங்கச் சொல்லி, கஅபாவின் அருகே நிறுத்தி, முஹம்மதுக்கு நான் அடைக்கலம் கொடுத்திருக்கிறேன் என்று அறிவித்தார். அவர் முஸ்லிம் அல்ல. முஸ்லிமாகாமலேயே இறந்தும் போனார்.

பிறகு பத்ர் போர். சுமார் 70 கைதிகள் மதீனாவில் இருக்கிறார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? முத்இம் இன்று உயிரோடிருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால், அவருக்காக இவர்கள் அத்தனை பேரையும் விட்டிருப்பேன் என்றார்கள். இதை அறிவிப்பவர் அந்த முத்இமின் மகன் ஜுபைர் (ரலி) அவர்களே. புகாரியில் இருக்கிறது.

சகோதரர்களே! ஒரு மனிதரின் சிபாரிசுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள். இறந்துபோன, மார்க்கத்தில் சேராத ஒருவர் கேட்டிருந்தால்கூட ஒரு படையின் கைதிகள் அனைவரும் விடுதலை! மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்று சொன்ன நாயகம் அல்லவா அவர்கள்! அதனால், நம் சகோதரர் ஒருவருக்காக ஓடிய ஃபாஸ்டர் போன்றவர்களை நாமும் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

*பெயர் தெரியாதவர்கள்*

இங்கே ஒரு கேள்வி நம்மை உறுத்த வேண்டும். ஹகீம் தேசிய அணியின் ஆட்டக்காரர். அவருக்காகப் பேச ஓர் ஆட்டக்களமே இருந்தது. ஆட்டக்களம் இல்லாதவருக்கு யார்?

2013 ஜூலை 19 அன்று, படகில் வரும் எவரையும் இனி இங்கே குடியமர்த்த மாட்டோம் என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. அப்படி வந்தவர்களை நவ்ரூ தீவிலும், பப்புவா நியூ கினியின் மனுஸ் தீவிலும் அடைத்தார்கள். ரோஹிங்கியாக்கள், ஆப்கானியர்கள், ஈரானியர்கள், நம் மொழி பேசும் ஈழத் தமிழர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 150 பேரை ஆண்டுதோறும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று நியூசிலாந்து 2013லேயே சொன்னது. ஆஸ்திரேலியா அதை ஏற்றது 2022 மார்ச்சில். இடையில் ஒன்பது வருடங்கள்! ஒன்பது வருடத்தில் ஒரு குழந்தை அலிஃப் பே படித்து முடித்து, குர்ஆனையும் ஓதி முடித்துவிடுமே!

சிகிச்சைக்காக மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்ட சிலரை பார்க் ஹோட்டல் என்ற கட்டடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் விசா சிக்கலில் டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சைச் சில நாட்கள் அதே ஹோட்டலில் வைத்தார்கள். உலகத்தின் கேமராக்கள் எல்லாம் அந்த வாசலுக்கு வந்தன. அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது, பக்கத்து ஜன்னல்களில் வருடக்கணக்காகக் காவலில் இருந்த மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது. அந்த ஜன்னல்கள் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு. அந்த ஏப்ரலில் அவர்களும் வெளியே விடப்பட்டார்கள்.

ஹகீம் விடுதலையானதும் என் வேலை முடிந்தது என்று ஃபாஸ்டர் வீட்டுக்குப் போகவில்லை. இந்தப் பெயர் தெரியாதவர்களுக்காக ‘கேம் ஓவர்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நமக்குத் தெரிந்த கிரிக்கெட் வீரர் இயன் சேப்பலும் அகதிகளுக்காக நீண்ட காலமாகக் குரல் கொடுத்துவருபவர்.

*நம்மிடம் என்ன இருக்கிறது?*

நாம் ஃபிஃபாவின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. நம் மஹல்லாவிலேயே விசாரணைக் கைதியாக வருடக்கணக்கில் கிடக்கும் மகனை நினைத்து அழும் தாய் இருக்கலாம். வேலைக்குப் போன வளைகுடா நாட்டில் பாஸ்போர்ட்டும் இல்லாமல், ஊர் திரும்பவும் முடியாமல் அடைபட்டிருக்கும் அண்ணனோ தம்பியோ இருக்கலாம். அவர்களுக்காக நாம் என்ன பேசினோம்?

முதலில் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்த வழக்கில், எப்போதிலிருந்து என்று விவரத்தை எழுதி வையுங்கள். உங்களுக்கு வக்கீலைத் தெரியுமா? அறிமுகப்படுத்துங்கள். மாவட்ட நீதிமன்றங்களில் இலவசச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. அந்தத் தாயோடு ஒருநாள் கூடப் போய் வாருங்கள். தூதரகத்துக்கு மனு எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொடுங்கள். கிரிக்கெட் டீம் வைத்திருக்கும் இளைஞர்களே, உங்களோடு ஆடிய ஒருவன் திடீரென்று காணாமல் போனால், அடுத்த மேட்சுக்கு வேறு ஆளைத் தேடுவதற்கு முன் அவன் வீட்டுக்குப் போய் என்ன ஆனது என்று கேளுங்கள்.

குற்றம் செய்தவரை மறைக்கச் சொல்லவில்லை. கொடுக்கப்படாத நியாயத்தைக் கேட்டுக் கொடுங்கள் என்கிறேன். கைதியை விடுவியுங்கள், பசித்தவருக்கு உணவளியுங்கள், நோயாளியை நலம் விசாரியுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரே மூச்சில் கட்டளையிட்டார்கள். உணவளிக்கிறோம், நோயாளியைப் பார்க்கப் போகிறோம், அல்ஹம்துலில்லாஹ். அந்த முதல் கட்டளையை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

பேசினால் நடக்குமா என்று கேட்காதீர்கள். நடத்துவது அல்லாஹ். நம்மிடம் கேட்கப்படுவது, உனக்குத் தந்த நாவையும், நட்பையும், நாலு பேரிடம் இருந்த மதிப்பையும் எங்கே செலவழித்தாய் என்பதுதான். அக்னஸும் ஸுஹைலும் சொன்ன பதில் போல நம்மிடமும் சட்டம் பிசகாத காரணங்கள் நிறைய இருக்கும். முத்இமின் பெயரைத்தான் பத்ர் நாளில் நாயகம் நினைவுகூர்ந்தார்கள்.

யா அல்லாஹ்! உலகின் எந்த மூலையிலும் அநியாயமாக அடைபட்டிருப்பவர்களுக்கு விடுதலையைத் தருவாயாக! வழி தெரியாமல் நாடு விட்டு நாடு அலைபவர்களுக்கு நிம்மதியான இருப்பிடத்தைத் தருவாயாக! அவர்களுக்காகப் பேசும் நாவுகளை வலுப்படுத்துவாயாக! எங்கள் நாவுகளையும் அவற்றில் சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.