மலையை ஏறெடுத்துப் பாருங்கள்



ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் வந்துவிட்டால் குளிர்நாட்டு மக்கள் மலைகளைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஜப்பானிலும் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் மலைச்சரிவுகள் பொன்னும் செம்மையுமாக மாறியிருக்கும் காலம் அது. பிள்ளைகுட்டிகளோடு, கட்டுச்சோற்றோடு மலையேறி, நிறம் மாறிய இலைகளைக் கண்குளிரப் பார்த்துவிட்டு இறங்குவது அவர்களுக்கு ஒரு திருநாள் போன்றது. ஜப்பானியர் இதற்கென்றே தங்கள் மொழியில் ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அந்நாடுகளில் குடியேறிய நம் உறவினரும் அந்தப் படங்களை நமக்கு அனுப்பி வைக்கிறார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, "இலை பார்க்கவா ஒருவன் மலை ஏறுவான்? இது வேலையற்றவன் வேலை" என்று நம்மில் சிலர் சிரிக்கிறோம்.

சிரிக்க வேண்டாம். படைப்பைப் பார்த்து முதன்முதலில் மகிழ்ந்தவர் யார்? ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கடவுள் படைத்தார் என்பதோடு வேதாகமம் நின்றுவிடவில்லை. படைத்தவற்றை அவர் பார்த்தார், நல்லதென்று கண்டார் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. வேலை முடிந்தபின் நின்று பார்ப்பதும் தெய்வீகச் செயலே. நமதாண்டவரும் வயல்வெளிப் பூக்களைச் சுட்டிக்காட்டி, சாலமோன் அரசனின் ஆடையும் இவற்றுக்கு ஈடாகாது என்றார். பூவை நின்று பார்த்தவரால் மட்டுமே அப்படிப் போதிக்க முடியும்.

அப்படியானால் நம் மலைநாட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இங்கே இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லையே என்பீர்கள். உண்மைதான். குளிர்நாட்டு மரம், பகற்பொழுது குறுகும்போது தன் இலையின் பச்சையைக் களைகிறது. இலையில் உள்ள சத்தை மீண்டும் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்தபின் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது; சில மரங்களில் செந்நிறம் புதிதாக உண்டாகிறது. பிறகு இலை விழுகிறது. அங்கே சிவப்பு முதுமையின் நிறம்.

நம் மலைக்காடுகளிலோ சிவப்பு குழந்தைப் பருவத்தின் நிறம்! ஹோர்ட்டன் சமவெளியின் மேகக் காடுகளில், கட்டைகுட்டையாய்க் காற்றில் வளைந்து நிற்கும் மரங்களை உற்றுப் பாருங்கள். அவற்றுள் பலவற்றின் இளந்தளிர் செக்கச் செவேலென்று துளிர்த்து, பின்பு வெண்கல நிறமாகி, கடைசியில்தான் பச்சையாகிறது. 1986-இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாகமரத்தின் தளிரும் அப்படித்தான். பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் காப்பதற்காக இந்தச் செந்நிறம் அமைந்திருக்கலாம் என்று தாவரவியல் அறிஞர் கருதுகிறார்கள். பிள்ளையைச் சால்வையில் பொதிந்து காக்கும் தாயைப்போல், பிஞ்சைச் சிவப்பில் பொதிந்து காக்கிறது பராமரிப்பு.

நம் மலைகள் இலை உதிர்த்த காலமும் ஒன்று இருந்தது. அது அழகின் காலமல்ல, அழிவின் காலம். 1869-இல் கோப்பிச் செடிகளில் ஒரு பூஞ்சண நோய் தோன்றியது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது, இலைகள் கொட்டின, காலப்போக்கில் கோப்பிப் பயிர் வீழ்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி விழுந்த இடத்தில் தேயிலை எழுந்தது. தேயிலைக்கு வேண்டியது கொழுந்து. கொழுந்துக்கு வேண்டியது கை. அந்தக் கை நம் பாட்டிமாரின் கை.

அன்பானவர்களே, இந்தச் சிந்தனையின் மையத்துக்கு இப்போது வருகிறோம். உலகத்தார் பணம் கட்டிப் பார்க்க வரும் மலைகளில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆனால் ஏறெடுத்துப் பார்த்திருக்கிறார்களா? அதிகாலையில் பெரட்டு, பிறகு கூடை, பிறகு மலை. பனி மூடினாலும் அட்டை கடித்தாலும் கண் கொழுந்திலேயே இருக்க வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். மலையின் அழகு எத்தனை கிலோ என்று தராசு கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்கிறோம். கடன் கழுத்தை நெரிக்கும்போது அன்றைக்கும் கைக்காசுக்குப் போகிறாள் தாய். அவளைக் குற்றஞ்சாட்ட எவருக்கும் நாவெழக் கூடாது. பசித்த பிள்ளைக்காகப் போகிறாள். ஆனால் அவளுடைய ஓய்வு பறிபோகிறது என்பதைக் காணாமல் இருக்கவும் கூடாது.

உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். எசமான் மட்டுமல்ல, வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது அது. காரணமும் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள், மறவாதீர்கள். நமக்கும் அந்த நினைவு உண்டு. நம் முன்னோர் கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். இருநூறு ஆண்டு நினைவாக 2023-ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் ஒரு நடைபயணம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்படி நடந்து வந்த சந்ததிக்கு, ஒருநாளாவது சுமையின்றி நடக்க உரிமை இல்லையா?

திருச்சபை இதைத் தெளிவாகவே போதித்திருக்கிறது. 1981-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மனிதன் உழைப்பதில் மட்டுமல்ல, ஓய்ந்திருப்பதிலும் கடவுளைப் பின்பற்ற வேண்டும் என்று விளக்கினார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது பற்றிய மடலில், ஓய்வை வீண்பொழுது என்று எண்ண வேண்டாம் என்றும், ஏழைகளின் உரிமையையும் இயற்கையின் நலத்தையும் காணும்படி நம் பார்வையை அது விரிவாக்குகிறது என்றும் கற்பித்தார். ஓய்வு பணக்காரனின் ஆடம்பரமல்ல. அது உழைப்பாளியின் உரிமை.

"சுவாமி, பஸ் காசுக்கு எங்கே போவது? பிள்ளையின் டியூஷன் காசே கட்டவில்லை" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹோர்ட்டன் சமவெளிக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் தோட்டத்து உச்சிமலை போதும். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சோறும் சம்பலும் கட்டிக்கொண்டு குடும்பமாக ஏறுங்கள். அம்மாவின் தலையில் கூடை இருக்க வேண்டாம். பாட்டியால் உச்சி வரை முடியாவிட்டால், முடிந்த இடத்தில் உட்காரவைத்து அவரைச் சுற்றி உட்காருங்கள். எந்த மரத்தின் தளிர் எந்த நிறம், எந்தக் கிழங்கு தின்னலாம், எந்தப் பழம் கசக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்கட்டும். கைத்தொலைபேசிகள் ஒரு மணி நேரம் பைக்குள் தூங்கட்டும். பிறகு கால் மணி நேரம் பேசாதிருந்து பாருங்கள். தேயிலையைத் தாண்டி, லயத்தைத் தாண்டி, மலைக்குப் பின்னே மலையாய்த் தெரியும் அந்தக் காட்சியைப் பாருங்கள். முடிவில் ஒரு பத்து மணி செபமாலை. இதற்குக் காசு ஒன்றும் வேண்டாம்.

வசதியுள்ளவர்கள் தூரம் போகலாம். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் போகலாம். 2,243 மீற்றர் உயரமான அந்தச் சிகரத்துக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி விசாகம் வரை பல மதத்தாரும் ஏறுகிறார்கள். பௌத்தர் புத்தரின் பாதமென்றும், இந்துக்கள் சிவனின் பாதமென்றும், முஸ்லிம்கள் ஆதாமின் பாதமென்றும் அதனை மதிக்கிறார்கள். கிறிஸ்தவரில் சிலர் அதை அர்ச். தோமையாரோடு இணைத்துப் பேசினர். இரவில் படியேறும்போது முன்னே போகிறவன் பின்னே வருகிறவனுக்குக் கை கொடுக்கிறான். கை கொடுக்குமுன் எவனும் மதம் கேட்பதில்லை.

எங்கே போனாலும் இரண்டு காரியங்களை மறவாதீர்கள். முதலாவது, குப்பை. 1988-இல் தேசிய வனமாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளி, 2010 முதல் உலக மரபுரிமையாகவும் காக்கப்படுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் ஊற்றுக்கண்கள் அங்கே இருக்கின்றன. நாம் எறியும் பொலித்தீன் பை யாரோ ஒருவருடைய குடிதண்ணீரின் தலைமாட்டில் கிடக்கிறது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது கிறிஸ்தவ ஒழுக்கம்.

இரண்டாவது, மழை. மற்ற நாடுகளில் ஒக்டோபரில் இலை விழுகிறது. நம் நாட்டிலோ மலையே விழுந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா? 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலின் மழை மலைநாட்டில் எத்தனை குடும்பங்களைக் கலைத்தது! ஆகவே மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் மலையேற வேண்டாம். தை, மாசி மாதங்களின் தெளிந்த வானத்துக்குக் காத்திருங்கள்.

கொழும்பிலிருந்தும் வேறு நகரங்களிலிருந்தும் வரும் குடும்பங்களே, உங்களுக்கும் ஒரு சொல். மலைமேல் ஆண்டவர் மறுரூபமானதைக் கண்ட இராயப்பர் அங்கேயே தங்கிவிட விரும்பினார். ஆனால் அவர்கள் இறங்கி வந்தபோது, அடிவாரத்தில் நோயுற்ற பிள்ளையோடு ஒரு தகப்பன் காத்திருந்தான். உங்கள் மலைக்கும் அடிவாரம் உண்டு. நீங்கள் படம் எடுக்கும் பச்சைச் சரிவின் கீழே, சரியும் என்று அஞ்சும் மண்ணருகே, ஓர் அறையில் ஒரு குடும்பம் உறங்குகிறது. கொழுந்து பறிக்கும் தாயைக் கேளாமல் படம் எடுக்காதீர்கள். "வணக்கம் அம்மா, சுகமா?" என்று கேளுங்கள். அவருடைய கூலியும் வீடும் பற்றிய பேச்சு எழும்போது, அவர் பக்கத்தில் நில்லுங்கள். மலையை ரசித்துவிட்டு மலையகத்தை மறந்தால், நாம் பார்த்தது பாதி மட்டுமே.

அப்போஸ்தலர்கள் சாப்பிடவும் நேரமின்றி உழைத்துத் திரும்பியபோது, ஆண்டவர் அவர்களிடம் இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. தனிமையான ஓரிடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தார். அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில் அதை வாசிக்கலாம். அந்த அழைப்பு கூடை சுமக்கும் தாய்க்கும், கவ்வாத்து வெட்டும் தந்தைக்கும் உரியது.

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். உதிரும் இலை, உதிருமுன் தன் சத்தை மரத்துக்குத் தந்துவிட்டு உதிர்கிறது. நம் முன்னோரும் தங்கள் பலத்தையெல்லாம் இந்த மலைக்குத் தந்துவிட்டு, பலர் கல்லறைக் கல்லும் இன்றி இம்மண்ணில் உறங்குகிறார்கள். அவர்கள் நின்று பார்க்க நேரமில்லாதிருந்த மலையை அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நீங்கள் பாருங்கள். அவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளின் இளமையை அவசரப்பட்டு வேலைக்கு விற்றுவிடாமல், செந்தளிரைக் காப்பதுபோல் காத்துக்கொள்ளுங்கள்.

மலைகளையும் தளிர்களையும் உண்டாக்கிய சர்வேசுரன் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.