வளைவு மட்டும் நிற்கிறது

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறுவதற்கு வெகு முன்பே, ஓரமாக ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. மேலே மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர். மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வளைவுக்கு அப்பால் படப்பிடிப்புத் தளம் இல்லை, பிலிம் கழுவிய கூடம் இல்லை, வீடுகள்தான் இருக்கின்றன.

திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் அதன் தயாரிப்பாகத்தான் வெளிவந்தது. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950-இல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கிய அந்த இடம் ஒரு தொழிற்சாலையைப் போலவே நடந்தது. நடிகர்களின் பெயர்களை இன்றும் சொல்கிறோம். அரண்மனைத் தூண்களை மரத்திலும் சாக்கிலும் எழுப்பிய தச்சர்களையும், ராஜ உடைகளைத் தைத்தவர்களையும் சொல்ல நம்மிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கட்டடங்கள். 1963-இல் சுந்தரம் மறைந்தார். பின்னாளில் படத் தயாரிப்பும் நின்றது, நிலம் மனைகளாயிற்று. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருமானம் தராத இடத்தை ஒரு குடும்பம் தனியாக எத்தனை நாள் கட்டிக் காக்கும்?

காப்பது எப்படி என்று அறியாத மக்களல்ல நாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிற பழக்கம் சின்ன ஊர்க் கோயிலுக்குக்கூட உண்டு. அந்த அக்கறை கோயில் மதிலோடு நின்றுவிடுகிறது. தொன்மைச் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் ஒரு கட்டடத்துக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. 1935-இல் எழுந்த சுவர் அந்த வயதை எட்ட 2035 வரை இடிபடாமல் காத்திருக்க வேண்டும். உழைப்பு நின்றுபோன இடத்தை அதுவரை யார் விட்டுவைக்கிறார்கள்?

தொழில் நடந்த வீடுகளுக்கும் இதே கதிதான். சேலம் அம்மாப்பேட்டையில் உறவினர் ஒருவர் வாங்கிய பழைய வீட்டுக்குப் போன வருடம் போயிருந்தேன். கூடத்தில் புது டைல்ஸ் பளபளத்தது. ஓரிடத்தில் மட்டும் காலடி ஓசை மாறியது. “அங்கதாங்க தறிக்குழி இருந்துச்சு, மண்ணைப் போட்டு மூடிட்டோம்” என்றார். காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்தபடி தலைமுறை தலைமுறையாக நெய்த இடம் அது. வீட்டின் நீள அகலத்தையே அந்தத் தறிதான் தீர்மானித்திருக்கும். அந்தக் குழியை ஒரு புகைப்படம்கூட எடுத்துவைக்கவில்லை.

சேலத்தின் குகைப் பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையுமாக இன்னும் சில வீடுகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது. குடியிருப்பவருக்குக் குளியலறையும் வெளிச்சமும் வேண்டும். ஆனால் இடிக்க அனுமதி கேட்டு வருகிறவரிடம், அந்த வீட்டின் அளவையும் படங்களையும் அங்கே நடந்த தொழிலின் விவரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள மாநகராட்சியால் முடியும். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.