மோதிரக் கல்லும் பேணுதலும்

சேர்வராயன் மலையின் உச்சியில் அலுமினியத்தின் மூலமான பாக்சைட் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. அது மேட்டூர் ஆலைக்குச் சென்று உலோகமாயிற்று. உலோகம் எங்கெங்கோ போயிற்று. 2008-ஆம் ஆண்டில் அவ்வாலையின் அலுமினிய உற்பத்தி நின்றது. வெட்டிய பள்ளமோ, மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலையிலேயே தங்கிற்று. பொருள் ஓரிடத்தில் ஒளிர, அதன் வடு வேறோரிடத்தில் தங்கும் என்பதற்கு ஏற்காட்டு மலையே நமக்கு அண்மைச் சான்று.

நிச்சயதார்த்தத்திற்கு வைர மோதிரம் அணிவிக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. அந்தக் கல்லின் வடு எங்கே இருக்கிறது?

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கிளர்ச்சிப் படையினர் வைரத்தை விற்று ஆயுதம் வாங்கினர். கிராமத்து மக்களின் கைகளை வெட்டினர். மணமகளின் விரலை அழகு செய்யும் கல்லின் பொருட்டுக் கைகளையே இழந்தவர்கள் அவர்கள்.

இக்கொடுமையைத் தடுக்க 2003-இல் கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் அங்கம் வகிக்கிறது. ஆயினும் பட்டை தீட்டப்படாத கற்களுக்கே அச்சான்று உண்டு. கிளர்ச்சியாளரின் போருக்குப் பணமாகும் வைரத்தையே அது தடுக்கிறது. 2008-இல் ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் வைரம் தோண்டியவர்களைச் சுட்டுக் கொன்றது அந்நாட்டு அரசின் படையே அன்றோ?

“ஹலாலான பணம் கொடுத்து வாங்கினேன், விற்றவன் பாவம் விற்றவனோடு” எனச் சிலர் கூறலாம். இறைச்சி வாங்கும்போது நாம் அவ்வாறு அமைதி அடைகிறோமா? அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று கேட்கிறோமே! ஆட்டுக்காகக் கேட்கும் நாம், மனிதருக்காகக் கேட்க வேண்டாமா?

வைரம் ஹராம் என்று சொல்ல வரவில்லை. ஆகுமா என்பது ஒரு வினா. பேணுதலா என்பது வேறொரு வினா. கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் அதன் விலையை மஹருடன் சேர்த்து மணமகளின் கையில் கொடுங்கள். அது அவளுடைய உரிமைப் பொருளாகும்.

மஹராக ஓர் இரும்பு மோதிரமேனும் தேடி வருமாறு ஏழைத் தோழர் ஒருவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அதுவும் கிடைக்காதபோது, அவர் அறிந்திருந்த குர்ஆன் பகுதிகளைக் கொண்டே மணம் முடித்து வைத்தார்கள். அந்த நிகாஹ்வில் எந்தக் குறைவும் இருக்கவில்லை.