ஏழ்மையை அளக்கலாமா?



சென்ற தபசுகாலத்தில் நமது பங்கில் சேர்ந்த அரிசியையும் பணத்தையும் பகிர்ந்து கொடுக்க உட்கார்ந்தபோது, அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் என்னிடம், "சாமி, எந்தத் தெருக்களுக்குக் கொடுப்பது?" என்று கேட்டார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. வாய்க்கால் ஓரத்து இரண்டு தெருக்களின் பெயரைச் சொன்னேன். அங்கே கூரை வீடுகள் அதிகம், தினக்கூலிக்காரர்கள் அதிகம். வீடு தவறாமல் கொடுக்கப்பட்டது. வேலையும் சுலபமாக முடிந்தது.

பாஸ்குத் திருநாள் கழிந்து சில நாட்களில், கடைத்தெருவில் ஒரு மாடிவீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் ஒரு விதவையைப் பார்க்கப் போனேன். தினமும் பூசைக்கு வருகிறவரைக் காணவில்லையே என்றுதான் போனேன். கட்டணம் கட்ட வழியின்றி அவர் வீட்டில் விளக்கு நின்று இருபது நாள் ஆகியிருந்தது. பிழைப்புக்கு இருந்த தையல் மிஷின் கடனுக்கு ஈடாகப் போய்விட்டது. "ஏன் அம்மா, சபையாரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன். "எங்க தெருவுக்குக் கிடையாதுன்னு சொன்னாங்களே, சாமி" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. சட்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். வாய்க்கால் தெருவிலோ, சொந்த லாரி வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கும் அரிசி போயிருந்தது. (அந்த அம்மாளின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.)

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு தெருவை இன்னொரு தெருவோடு ஒப்பிட்டு, இது ஏழை, இது ஏழையல்ல என்று அளப்பது நியாயமா? அளப்பது தவறு என்றால், இருக்கிற கொஞ்சத்தை யாருக்கு என்று பார்த்துக் கொடுப்பது?

இந்தக் கேள்வியோடு 100 வருஷத்துக்கு மேலாகப் போராடிவரும் தேசம் இங்கிலாந்து. லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் வியாபாரி சார்லஸ் பூத் என்பவர் 1886-ல் லண்டன் மாநகரத்தின் வறுமையைத் தெருத் தெருவாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1889-ல் முதல் நூல் வெளிவந்தது. செல்வர் வாழும் தெருவுக்கு மஞ்சள், ஏழைத் தெருவுக்கு நீலம், அதற்கும் கீழே கறுப்பு என்று படத்தில் வர்ணம் தீட்டினார். லண்டன் ஜனங்களில் ஏறக்குறைய 30 சதம் பேர் வறுமையில் இருப்பதாக அவர் கணக்குக் காட்டிற்று. உலகத்திலேயே செல்வம் மிகுந்த நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஏழைகள் என்று தெரிந்ததும் நாடு திடுக்கிட்டது. அதுவரை "ஏழைகள் எங்கோ சிலர்" என்று சொல்லி வந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல இடமில்லாமற் போயிற்று. அளப்பதால் வரும் முதல் நன்மை இது. தெரியாது என்ற சாக்கை அது பறித்துவிடுகிறது.

ஆனால் வறுமை என்றால் என்ன? பட்டினி மட்டுந்தானா? அர்ச். அக்குயினாஸ் தோமையார் தர்மத்தைப் பற்றிப் போதிக்கையில் தேவைகளை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, எது இல்லாவிட்டால் மனிதன் உயிர் வாழ முடியாதோ அது. மற்றது, எது இல்லாவிட்டால் தன் நிலைமைக்குத் தக்க கௌரவத்தோடு வாழ முடியாதோ அது. பொருளாதாரம் எழுதிய ஆடம் ஸ்மித்தும் 1776-ல் இதையொத்த ஓர் உதாரணம் தந்தார். பழங்காலத்துக் கிரேக்கரும் உரோமரும் லினன் சட்டை இல்லாமலே சுகமாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து நாட்கூலிக்காரன் அந்தச் சட்டை இல்லாமல் நாலுபேர் முன்னே வர வெட்கப்படுவான் என்றார். பின்பு 1979-ல் பீட்டர் டவுன்சென்ட் என்ற பேராசிரியர் பிரித்தானிய வறுமையைப் பற்றிய பெரிய நூலில் இதை முழு விளக்கமாக்கினார். தான் வாழும் சமூகத்தில் சாதாரணமாக எல்லோரும் உண்பதும் உடுப்பதும் பங்கெடுப்பதும் ஒருவனுக்கு எட்டாமல் போனால் அவன் வறியவனே என்பது அதன் சாரம். இதை ஒப்புநோக்கிய வறுமை என்கிறோம். பிள்ளைக்கு முதல் நன்மை கொடுக்கும் நாளில் நல்ல உடுப்பு இல்லை என்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட தாயைக் கண்டவர்களுக்கு இதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இப்படிப்பட்ட வறுமையை எதைக்கொண்டு அளப்பது? டவுன்சென்டும் அவரோடு உழைத்தவர்களும் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஒரு வட்டாரத்தில் வேலையில்லாதவர் எத்தனை பேர், சொந்த வீடில்லாத குடும்பங்கள் எத்தனை, கார் இல்லாதவை எத்தனை, நெருக்கடியான வீட்டில் வாழ்பவை எத்தனை என்ற நான்கே கேள்விகள். குடிக்கணக்கிலிருந்து எளிதில் எடுக்கலாம். ஆனால் பஸ் வராத கிராமத்தில் ஏழையும் கடன் வாங்கியாவது கார் வைத்தாக வேண்டும் என்பதை இந்த அளவுகோல் காணாது. அடையாளத்தை அளந்தால் வறுமையையே அளந்துவிட்டதாகாது.

இன்று அந்நாட்டு அரசாங்கம் இதைவிட விரிவாகக் கணக்குப் பார்க்கிறது. 2000-ல் வார்டு வாரியாக எடுத்த கணக்கு, 2004 முதல் அதைவிடச் சிறிய வட்டாரங்களுக்கு இறங்கிற்று. வட்டாரம் ஒன்றுக்குச் சராசரியாக 1,500 பேர். 2019-ல் இப்படி 32,844 வட்டாரங்கள், 2025-ல் 33,755 வட்டாரங்கள். வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டு வசதியும் சேவைகளும், சுற்றுப்புறம் என்று ஏழு வகையில் எடைபோட்டு, மிகவும் குறைவுபட்டதை முதலாவதாக வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். வருமானத்துக்கும் வேலைக்கும் மட்டும் சேர்த்து 45 சதம் எடை.

ஏன் இவ்வளவு சிறிய துண்டுகளாக வெட்ட வேண்டும்? முழு நகரசபைக்கும் ஒரே எண் போதாதா? போதாது. லண்டனில் கென்சிங்டன்–செல்சி என்ற நகரசபை இங்கிலாந்திலேயே செல்வம் மிகுந்தவற்றில் ஒன்று. அதன் வடக்குப் பகுதியிலோ, நாட்டில் மிகவும் குறைவுபட்ட 10 சதத்துக்குள் அடங்கும் வட்டாரங்கள் இருந்தன. சராசரி எடுத்தால் மாளிகைகள் குடிசைகளை மறைத்துவிடும். அங்கேதான் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14-ந் தேதி தீப்பற்றி எரிந்து 72 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் ஆபத்தைப் பற்றிக் குடியிருப்போரில் சிலர் முன்பே எச்சரித்திருந்தார்கள். அது ஏழை வட்டாரம் என்று அரசாங்கக் கணக்கில் எழுதியிருந்தது. கணக்கு இருந்தும் ஏழையின் சொல்லைக் கேட்கக் காது வேண்டியிருந்தது.

அளப்பதில் உள்ள ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். மூன்று சொல்கிறேன்.

முதலாவது, வட்டாரத்தின் அளவை மனிதன் தலையில் சுமத்துவது. ஏழை வட்டாரத்தில் இருப்போர் எல்லாரும் ஏழைகளல்லர். ஏழைகள் எல்லாரும் ஏழை வட்டாரத்தில் இருப்பதுமில்லை. இதைக் கணக்கெடுத்தவர்களே தங்கள் அறிக்கையில் தெளிவாக எச்சரிக்கிறார்கள். நான் செய்த தவறு சாட்சாத் இதுவே.

இரண்டாவது, வரிசையை அளவென்று எண்ணுவது. ஓட்டப்பந்தயத்தில் எல்லோரும் முன்னிலும் வேகமாக ஓடினாலும் கடைசியில் வருகிறவன் ஒருவன் இருக்கத்தான் செய்வான். ஆகையால் ஒரு வட்டாரம் கடைசியில் நிற்கிறது என்பதைக் கொண்டு அங்கே வாழ்வு கெட்டதா தேறியதா என்று சொல்ல முடியாது. நூறாவதாக நிற்பது இருநூறாவதைவிட இரட்டிப்பு ஏழையென்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது ஆபத்தே மிகக் கொடியது. அளவு வசைப்பெயராக மாறுவது. பூத் கறுப்பு மை பூசிய தெருக்களுக்கு அவர் கொடுத்த குறிப்பு, அங்கே வாழ்வோர் கீழ்த்தரமானவர்கள், துன்மார்க்கர், பாதிக் குற்றவாளிகள் என்பதாகும். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் பிறந்தார்கள், தாய்மார் ஜெபித்தார்கள். நம் நாட்களிலும் பாருங்கள். எசெக்ஸ் கடற்கரையில் ஜேவிக் என்று ஓர் ஊர். லண்டன் தொழிலாளிகள் விடுமுறைக்கு வந்து தங்க 1930-களில் எழுந்த சிறு வீடுகள் அதில் உண்டு. 1953-ல் கடல் பொங்கி முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2010, 2015, 2019, 2025 ஆகிய நான்கு கணக்கிலும் இங்கிலாந்தின் மிகக் குறைவுபட்ட வட்டாரம் என்று முதலிடம் பெற்றது இந்த ஊரின் ஒரு பகுதியே. 2018-ல் அமெரிக்கத் தேர்தல் விளம்பரமொன்று, நாடு இப்படியாகிவிடும் என்று பயமுறுத்த இவ்வூரின் படத்தை எடுத்துப் போட்டது. ஊரார் மனம் புண்பட்டார்கள். உதவியைக் கொண்டுவருவதற்கென்று எடுத்த கணக்கு, வெட்கத்தையும் கொண்டுவந்தது.

அப்படியானால் அளக்காமலே விட்டுவிடலாமா? அப்போஸ்தலர் நடபடியில் ஒரு சம்பவத்தை நினைவுகூருங்கள். ஜெருசலேம் சபையில் அன்றாடம் உதவி பகிர்ந்தபோது, கிரேக்க பாஷை பேசியவர்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மொத்தத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறதே என்று சராசரி சொல்லி மழுப்பவும் இல்லை. யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்தக் குறையை நியாயமென்று ஏற்று, அர்ச். முடியப்பர் முதலான ஏழு பேரை அதற்கென்றே ஏற்படுத்தினார்கள். ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பது பொறாமையாகாது. அது நீதியின் வேலை. ஆனால் அந்த நீதிக்கு மனிதர் வேண்டியிருந்தார்கள். பட்டியல் மட்டும் போதவில்லை.

ஐசுவரியவானையும் லாசரையும் எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே வாசலில் இருந்தவர்கள். இருவர் சொத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் லாசரும் செல்வந்தனே! ஐசுவரியவானுக்கு லாசரைப் பற்றிய தகவல் குறைவாக இருக்கவில்லை. அவன் பெயரைக்கூட அறிந்திருந்தான், நரகத்திலிருந்து பெயர் சொல்லியே அவனை அனுப்பச் சொல்கிறான். வாசலைக் கடந்து ஒரு முறை வெளியே வரவில்லை என்பதே அவன் குற்றம்.

ஆகவே நான் கண்ட முடிவு இது. அளவு என்பது விளக்கு. எந்தப் பக்கம் முதலில் போகவேண்டும் என்று அது காட்டும். போய்ச் சேரவேண்டியது நம் கால்கள். விளக்கையே நியாயாதிபதியாக்கினால், அது தன் வெளிச்சத்துக்கு வெளியே இருப்பவனை இல்லையென்று தீர்ப்புச் சொல்லிவிடும். ஒப்புநோக்கிய வறுமை என்னும்போது இன்னொன்றும் மறக்கவேண்டாம். ஒப்பிடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அடுத்த தெரு குறைவுபட்டது என்று எந்தக் கோல் சொல்கிறதோ, அதே கோல் நாம் மிஞ்சி வைத்திருக்கிறோம் என்றும் சொல்கிறது.

வருகிற தபசுகாலத்துக்குச் சபையாரோடு கலந்து சில காரியங்களைத் தீர்மானித்திருக்கிறோம். தெருப் பட்டியல் இருக்கும். வாய்க்கால் தெருக்களே அதில் முன்னே நிற்கும், ஏனெனில் அங்கே தேவை அதிகம் என்பது பொய்யல்ல. ஆனால் சேரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியலில் இல்லாத தெருக்களுக்கென்று தனியே இருக்கும். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் இருவர், மாடிவீடானாலும் பின்கட்டுவரை போய் விசாரிப்பார்கள். பெறுகிறவர் பெயர் கோவிலில் வாசிக்கப்படாது, பலகையில் ஒட்டப்படாது. உங்கள் பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லையென்று கண்டால், அது எந்தத் தெருவானாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அந்த விதவைத் தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை வருவதற்குள் நாம் பார்த்துக்கொள்வோமாக. நம் தலைமயிர்களையும் எண்ணி வைத்திருக்கும் ஆண்டவர், எண்ணவும் எண்ணிய பின் எழுந்து நடக்கவும் நமக்கு வரப்பிரசாதம் தந்தருள்வாராக.

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு