விதைத்தால் மட்டும் போதுமா?

நலமாக உள்ள ஒருவரின் மலத்திலிருந்து நுண்ணுயிரிகளைப் பிரித்து, நோயாளியின் குடலில் செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. முகம் சுளிக்காதீர்கள், திரும்பத் திரும்ப வரும் ஒருவகைக் கடும் வயிற்றுப்போக்கை அது குணமாக்குகிறது. ரத்தக்குழாய் அடைப்புக்கும் அது உதவுமா என்று இப்போது ஆராய்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. இறைச்சி, முட்டை மஞ்சள்கருவில் உள்ள சில சத்துகளைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. அதில் வரும் பொருளைக் கல்லீரல் டிஎம்ஏஓ என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. ரத்தத்தில் அது மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதை, 4,007 பேரை ஆராய்ந்த அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவர்கள் 2013இல் தெரிவித்தார்கள். நுண்ணுயிரிகளை மாற்றியபோது எலிகளில் அடைப்பு வரும் தன்மையும் மாறியது. மனிதர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் அத்தகைய பலன் தெரியவில்லை. பால்கூடச் சேர்க்காத தாவர உணவுக்காரர்களின் நுண்ணுயிரிகளைப் பெற்ற நெதர்லாந்து ஆண்களுக்கு டிஎம்ஏஓ உற்பத்தி குறையவில்லை என்று 2018இல் முடிவு வெளியானது.

மண்ணைப் பண்படுத்தாமல் விதையை மட்டும் மாற்றினால் விளைச்சல் மாறுமா? குடலுக்கு மண் என்பது அன்றாட உணவுதான்.

இதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. அங்குள்ள சிஎம்சி மருத்துவமனை மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தார்கள். பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதைத் தின்று கொழுப்பு அமிலங்களை உண்டாக்க, அவற்றின் துணையால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சியது. பேதி விரைவில் நின்றது. 2000இல் வெளியான ஆய்வு இது. யாருடைய நுண்ணுயிரியும் கடன் வாங்கப்படவில்லை. இருப்பவற்றுக்கே இரை கிடைத்தது.

அப்படிப்பட்ட இரை கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையில் விளைகிறது. அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களின் சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் நார்ச்சத்து உள்ளவை. ஆனால் காசுக்காக மரவள்ளி பரவியதில் சிறுதானியக் காடுகள் சுருங்கிவிட்டன. விளையும் சாமையையும் வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிடோடு நாரும் போய்விடும்.

சாமைச் சோறு அடைப்பை நீக்கும் மருந்தல்ல. டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றதும் விட்டுவிட்டால், அது கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அதோடு, வாரத்தில் சில வேளையாவது தீட்டாத சாமையும் கீரையும் கொள்ளும் தட்டில் இருக்கட்டும்.