பொழுதின் பங்காளிகள்

உழைப்பின் பெருமையைப் பேசாத மார்க்கம் இல்லை. பேசாத மொழியும் இல்லை. ஆனால், உழைக்கும் பொழுது யாருக்குச் சொந்தம் என்னும் வினாவை நாம் எளிதில் எழுப்புவதில்லை. அலுவலகத்தில் பணிபுரிவோருக்கு அவ்வினா எழ வேண்டிய தேவையும் குறைவே. காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை அவர்தம் பொழுது விலை பேசப்பட்டுவிட்டது. எஞ்சியது அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் உரியது. கணக்குப் புத்தகத்தில் கோடு கிழித்தாற்போல அவர்தம் நாள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

எவரிடமும் மாதச் சம்பளம் பெறாமல், எழுதுகோல் ஒன்றையே நம்பி வாழும் எழுத்தாளனின் நிலை அத்தகையதன்று. அவனுக்கு மேலதிகாரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, விடுமுறையும் இல்லை. எழுதியது அச்சேறினால் சன்மானம், இல்லையேல் வெறுங்கை. ஆகவே எழுதாமல் கழிந்த ஒவ்வொரு நாழிகையும் அவன் கண்ணுக்கு நட்டமாகவே தோன்றுகிறது. வீட்டிலேயே தையல் இயந்திரத்தை இட்டுத் தைக்கும் பெண்மணிக்கும், சிறு கடை வைத்துப் பிழைப்பவருக்கும் இதே நிலைதான். தம் பொழுதுக்குத் தாமே எசமானராக இருப்போர், நடைமுறையில் அதன் அடிமைகளாகிவிடுகின்றனர்.

கூலி தராத பொழுது வீண்பொழுதுதானா? இதனைச் சற்று ஆராய்வோம்.

முன்னோர் கண்ட வழி

புலவர்களை வள்ளல்கள் காத்த காலம் ஒன்று இருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் தொடர்ந்ததென்பதை நாமறிவோம். வள்ளல்களை நாடாமல் தம் கையெழுத்தை விற்றே வாழ்ந்தவர்களும் இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழிலாளரை அரபு மொழியில் ‘வர்ராக்’ என்பர். அரபு நூல்களின் பெரும் பட்டியலான ‘ஃபிஹ்ரிஸ்த்’தைத் தொகுத்த இப்னுந் நதீமும் இத்தொழிலைச் செய்தவரே.

ஒளியியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னுல் ஹைஸம் கெய்ரோ நகரில் வாழ்ந்த வகையும் எண்ணத்தக்கது. ஆண்டுதோறும் யூக்ளிடின் வடிவ கணித நூலையும், தாலமியின் வானநூலையும் அவர் தம் கையால் படியெடுத்து 150 தீனாருக்கு விற்றார் என்றும், அத்தொகையே அவருடைய ஓராண்டு வாழ்க்கைக்குப் போதுமானதாயிருந்தது என்றும் வரலாற்றாசிரியர் அல்கிஃப்தீ குறித்து வைத்துள்ளார். இன்னும் படியெடுத்திருந்தால் இன்னும் தீனார்கள் கிடைத்திருக்குமன்றோ? அவரோ போதும் என்று ஓரிடத்தில் கோடு கிழித்தார். எஞ்சிய பொழுதை ஒளி எவ்வாறு செல்கிறது, கண் எவ்வாறு காண்கிறது என்பதை ஆராய்வதற்கு ஒதுக்கினார். 7 பாகங்களைக் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’ அவ்வாராய்ச்சியின் விளைவாகும். கூலி தந்த பிரதிகளை எழுதியவர் என்பதற்காகவா உலகம் இன்று அவரை நினைக்கிறது? கூலி தராத பொழுதில் கண்டறிந்தவற்றுக்காகவே நினைக்கிறது.

மங்குஸ்தான் நிழலில்

நமக்கு அண்மைக் காலத்தவரும் அண்டை மொழியினருமான வைக்கம் முஹம்மது பஷீரை எடுத்துக்கொள்வோம். 1908இல் பிறந்து 1994இல் மறைந்த இம்மலையாள எழுத்தாளர், எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்தியவர். எழுத்தை நம்பி வாழ்ந்தவர். பேப்பூரில் தம் வீட்டு மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வருவோர் போவோரோடு அளவளாவிக்கொண்டே அவர் பிற்காலத்தைக் கழித்தார்.

1959இல் வெளிவந்த அவருடைய ‘பாத்துமாவின் ஆடு’ என்னும் குறுநாவலில், ஓய்வுக்கும் எழுத்துக்குமாக வீடு திரும்பும் எழுத்தாளருக்கு அமைதி கிட்டுவதில்லை. தாயும், உடன்பிறந்தோரும், குழந்தைகளும், கோழிகளும், பூனைகளும் நிறைந்த வீடு அது. தங்கையின் ஆடோ அவர் எழுதிய நூல்களையே தின்றுவிடுகிறது! வேறொருவர் இதனைத் தொழிலுக்கு நேர்ந்த இடையூறாகக் கருதி நொந்திருப்பார். பஷீர் அந்த இடையூற்றையே நூலாக்கினார்.

1977இல் அவர் வெளியிட்ட ‘பூமியின் உரிமையாளர்கள்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. விலை கொடுத்து வாங்கிய தோட்டத்தில் பறவையும், வௌவாலும், பூச்சியும், ஊர்வனவும் தத்தம் போக்கில் வாழ்கின்றன. பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். ஆனால் இவற்றைப் படைத்தவனும் இப்பூமியைப் படைத்தவனும் ஒருவனேயாயின், இவையும் இம்மண்ணின் உரிமையாளர்கள் அல்லவா என்பது அக்கதை எழுப்பும் வினா.

நிலத்தைப் பற்றிய இவ்வினாவை நாம் பொழுதைப் பற்றியும் எழுப்பிப் பார்க்கலாம். நம் நாளுக்கு நம் பெயரில் பத்திரம் எழுதித் தந்தவர் யார்?

யார் பங்காளி?

ஸல்மான் (ரலி), தம் சகோதரராக இணைக்கப்பட்ட அபுத் தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்ற நிகழ்ச்சி நாமறிந்ததே. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக அவர் இருந்ததையும், அவர்தம் மனைவி கவனிப்பாரின்றி இருந்ததையும் ஸல்மான் கண்டார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்திற்கும் தனித்தனியே உரிமைகள் உண்டென்றும், அவரவர் உரிமையை அவரவருக்கு வழங்கிவிடுமாறும் அறிவுறுத்தினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதனை உண்மையென ஏற்றார்கள். வணக்கத்திற்கே முழுப் பொழுதையும் உரிமையாக்கிக்கொள்ள இடமில்லையெனில், வருவாய்க்கு எங்ஙனம் இடமிருக்கும்?

பங்காளி என்றாலே வழக்கு என்பது ஊர்ப்பேச்சு. ஆனால், பங்காளி பிச்சை கேட்பவன் அல்லன், தனக்குரியதைக் கேட்பவன். கட்டுரையின் நடுவில் நாம் ஆழ்ந்திருக்கும்போது, “தம்பி, கண்ணு தெரியலே, இந்த ஊசியிலே நூலைக் கோத்துத் தா” என்று உம்மா வந்து நின்றால், அது தொந்தரவன்று, பாகப்பிரிவினை.

இங்கே ஒரு தடை எழும். இவ்வாறு பேசிப் பேசியே சோம்பலுக்கு மார்க்கச் சாயம் பூசலாகாதா? தேநீர்க் கடை அரட்டையும் கைப்பேசியும் தமக்கும் பங்குண்டு என்று வந்து நிற்கவில்லையா? நியாயமான கேள்விதான். பங்கு கேட்டு வருவோர் அனைவரும் பங்காளிகள் அல்லர். நாம் மறுத்தால் யாருக்கு அநீதி நேர்கிறது என்று கேட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். நூல் கோத்துத் தர மறுத்தால் தாய்க்கு அநீதி. வாசலில் நிற்கும் குழந்தைக்கு முகம் கொடுக்காவிடில் குழந்தைக்கு அநீதி. கைப்பேசியை ஒரு மணி நேரம் அணைத்து வைத்தால் யாருக்கு அநீதி? ஒருவருக்கும் இல்லை.

இதே அளவுகோல் தொழிலின் பக்கமும் திரும்பும். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம், கூலி பெற்றவன் வேலையைச் செம்மையாக முடிப்பதையும் கடமையாக்கியிருக்கிறது. குறித்த நாளில் தருவதாக இதழாசிரியருக்குச் சொல்லிவிட்டு, முற்றத்து முருங்கையில் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அது இயற்கையின்மீது கொண்ட காதல் ஆகாது. வாக்கு மீறலே ஆகும். வாசகரும் நம் பொழுதில் ஒரு பங்காளியே.

அப்படியாயின், அணிலையும் வானத்தையும் பார்க்கும் பொழுதுக்கு உரிமையே இல்லையா? உண்டு. ஒட்டகத்தையும், வானையும், மலைகளையும், விரிந்த பூமியையும் நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மனிதனை அழைக்கிறது. ஆகவே, பார்ப்பதும் ஒரு கடமையே. நம் கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டென்பது நபிமொழி. அக்கண்ணைத் தாளிலும் திரையிலும் மட்டுமே கட்டிப்போட்டால் அநீதி நமக்கே நேர்கிறது.

நிழல் காட்டும் கணக்கு

இத்தனை பங்குகளையும் யார் பிரித்துத் தருவது? நம் நாளைக் கதிரவனோடு பிணைத்து இறைவன் அதற்கு வழி செய்துள்ளான். கிழக்கே உண்மை வைகறை வெளுக்கையில் சுபுஹு; உச்சியிலிருந்து கதிரவன் சாய்கையில் லுஹர். நண்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டால் ஷாஃபிகளுக்கு அஸர். இரு மடங்கு நீண்டால் ஹனஃபிகளுக்கு அஸர். கதிரவன் மறைந்தால் மஃரிப். செவ்வானம் மங்கினால் இஷா. இன்று கடிகாரமும் கைப்பேசியும் நேரத்தை அறிவித்துவிடுவதால் நாம் நிழலைப் பார்ப்பதில்லை. எனினும், அவை அறிவிப்பது நிழலின் கணக்கையே.

வாக்கியம் பாதியில் நிற்க, எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்திருப்பது எழுத்தாளனுக்கு எளிதன்று. கடையில் கூட்டம் நிற்கையில் எழுவது வணிகருக்கும் எளிதன்று. அந்த எழுச்சியிலேதான் ‘இப்பொழுது எனதன்று’ என்பதை நாள்தோறும் 5 முறை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்டவன் மீண்டும் வந்து அமரும்போது, தாயும் குழந்தையும் அவனுக்கு இடையூறாகத் தோன்றமாட்டார்கள். அவன் செய்யும் தொழிலும் கெடாது. பங்கு கொடுத்த சொத்தில்தான் பரக்கத் தங்கும் என்பது நம் பெரியோர் கண்ட அனுபவம். பொழுதும் ஒரு சொத்தே.

காலத்தின்மீதும் எழுதுகோலின்மீதும் ஆணையிட்டுத் தன் திருமறையில் பேசிய வல்ல அல்லாஹ், நம் பொழுதை அதன் பங்காளிகளுக்கு நேர்மையாகப் பகிர்ந்தளிக்கும் மனத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.