ரெண்டு ஐஸ் கட்டி

மாமனார் முதலில் முகர்ந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் ஐஸ் கேட்டார். இந்த வரிசை முக்கியம் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

அப்போது நாங்கள் எடின்பரோவில் இருந்தோம். லீத் பக்கம் ஒரு சின்ன வாடகை வீடு. ப்ராஜெக்ட் வேலையாகப் போனவன், போன இடத்தில் சிங்கிள் மால்ட் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தேன். வார இறுதிகளில் டிஸ்டிலரி டூர், இரவுகளில் அது பற்றிய புத்தகங்கள், அலமாரியில் துலிப் பூ வடிவக் கண்ணாடிக் கோப்பைகள். அந்தக் கோடையில் மாமாவும் அத்தையும் மூன்று வாரம் வந்து தங்கினார்கள். மாமா முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதாவது ஒன்று குடிப்பார், அவ்வளவுதான். அவருக்காகவே லாகவூலின் 16 வாங்கி வைத்திருந்தேன்.

ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன மாப்ள, லைசால் வாசன அடிக்குது?"

நான் சிரித்துவிட்டேன். "லைசால் இல்ல மாமா, அது பீட் புகை" என்று ஆரம்பித்து, ஐலா தீவு, அதன் சதுப்பு மண், அந்த மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து அதன் புகையில் பார்லியை உலர்த்துவது என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி, ரெண்டு ஐஸ் கட்டி போட்டுக் குடுங்க" என்றார்.

"அய்யோ மாமா, இதுக்குப் போய் ஐஸா? பதினாறு வருஷம் பீப்பாயில கெடந்தது. எல்லாம் வீணாப் போயிரும்."

கோப்பையை ஒருமுறை பார்த்தார். ஒரு மிடறு குடித்தார். கீழே வைத்தார். "எனக்கு இது சரிப்படாது மாப்ள. நீங்க குடிங்க." மீதி இருந்த இரண்டு வாரமும் சாயங்காலங்களில் அவர் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. அவர்கள் கிளம்பிப் போனபிறகு மனைவி சொன்னாள்: "அப்பாவுக்கு நீ ஏதோ டெஸ்ட் வச்ச மாதிரி இருந்துச்சு."

நான் என்ன தப்பு செய்தேன் என்று அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சொன்னதெல்லாம் சரிதானே? இந்தக் கேள்வியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க முயல்கிறேன். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று, விஸ்கியைக் குடிக்க மேலான முறை என்று ஒன்று உண்டா? இன்னொன்று, உண்டு என்றால், அதைத் தெரிந்தவனுக்கு அடுத்தவர் கோப்பைமேல் என்ன உரிமை?

முதல் கேள்விக்கு என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. குளிர்ந்த திரவத்திலிருந்து மணம் குறைவாகவே ஆவியாகும். ஐஸ் போட்டால் மூக்குக்கு வந்து சேர்வது குறையும். குறுகிய வாயுள்ள கோப்பை மணத்தைக் குவித்துத் தரும், அகலக் கோப்பையில் அது கலைந்துவிடும். இவை என் விருப்பு வெறுப்பைச் சாராத இயற்பியல்.

தண்ணீர் விஷயம் இன்னும் சுவாரசியம். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் 2017-ல் இதைக் கணினி சிமுலேஷனில் பார்த்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான மூலக்கூறுகளில் ஒன்று குவாயகால். ஆல்கஹால் 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில், காற்றைத் தொடும் இடத்தில் கூடி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக, கடுமையான விஸ்கியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் மணம் 'திறக்கிறது' என்று குடிப்பவர்கள் சொல்லிவந்ததற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. சிமுலேஷன் நாக்கு ஆகாதுதான். ஆனாலும் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே அறிவை என் பக்கம் திருப்பினால் நான் நிற்க இடமில்லை. வடிகலனிலிருந்து வரும் புது மதுவில் சுமார் 70 சதவீதம் ஆல்கஹால். தண்ணீர் கலந்து, பெரும்பாலும் 63.5 சதவீதமாக்கித்தான் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். பல வருடம் கழித்து வெளியே எடுத்து, பெரும்பாலான புட்டிகளுக்கு மறுபடியும் தண்ணீர் சேர்க்கிறார்கள். நான் காவல் காத்த புட்டியில் 43 சதவீதம் என்று போட்டிருந்தது. பீப்பாயில் 57 இருந்ததாக வைத்துக்கொண்டால், 43-க்கு இறக்க ஒவ்வொரு 100 மில்லிக்கும் சுமார் 33 மில்லி தண்ணீர் விடவேண்டும். அதாவது புட்டியில் கால் பங்கு, கடைசியில் ஊற்றிய தண்ணீர். அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது என்று நான் மாமாவிடம் கோடு கிழித்தேன்.

ஐஸுக்கும் இதே கதை. 46 சதவீதத்துக்குக் கீழே உள்ள விஸ்கியில் ஐஸோ குளிர்ந்த தண்ணீரோ சேர்ந்தால் சில கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிந்து லேசாகக் கலங்கும். குடிப்பவர் பயந்துவிடக் கூடாது என்றே பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டி அனுப்புகின்றன. அதாவது ஐஸ் போடுவீர்கள் என்று எதிர்பார்த்தே செய்து அனுப்புகிறார்கள்.

சரி, மரபு? அதுவும் கைகொடுக்கவில்லை. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கி நெடுங்காலம் பெரும்பாலும் ப்ளெண்டுகளுக்குள்தான் போனது. அதைச் சோடா ஊற்றிக் குடித்தார்கள். வெந்நீர், சர்க்கரை, எலுமிச்சை சேர்த்து டாடி என்று குடிப்பது அதைவிடப் பழைய வழக்கம். க்ளென்ஃபிடிக் தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் முனைந்து விற்கத் தொடங்கியது 1963-ல். என் அலமாரியிலிருந்த க்ளென்கெய்ர்ன் கோப்பை கடைக்கு வந்தது 2001-ல். நான் ஆதிகால ஆச்சாரம்போல மாமாவிடம் ஒப்பித்ததில் ஒரு பகுதிக்கு என் வயதுகூட இல்லை. 2009-ன் ஸ்காட்ச் விஸ்கிச் சட்டம் ஓக் பீப்பாய், குறைந்தது மூன்று வருடம், குறைந்தது 40 சதவீதம் என்று எவ்வளவோ சொல்கிறது. கோப்பைக்கு வந்தபின் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. சட்டம் புட்டியோடு நின்றுவிடுகிறது.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் டேவிட் ஹ்யூமின் சிலை இருக்கிறது. அதிர்ஷ்டம் வரும் என்று ஆட்கள் தொட்டுத் தொட்டு அதன் கால் கட்டைவிரல் பளபளக்கிறது. மூடநம்பிக்கைகளை வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டவருக்கு இந்த கதி. ரசனைக்கு அளவுகோல் உண்டா என்பது பற்றி அவர் 1757-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் டான் குவிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோவின் உறவினர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துக் கருத்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒயின் நன்றாக இருக்கிறது, ஆனால் லேசாகத் தோல் வாசனை என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு வாசனை என்கிறார் மற்றவர். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது, தோல் வாரில் கட்டியபடி.

ரசனை வெறும் கருத்தல்ல, உள்ளே நிஜமாகவே ஒரு சாவி கிடக்கலாம் என்பதற்கு ஹ்யூம் இதைச் சொல்கிறார். கான்ட் வேறு பக்கம் நிற்கிறார். 1790-ல் வந்த நூலில் அவரும் ஒயினைத்தான் எடுக்கிறார். கேனரித் தீவு ஒயின் இனியது என்று ஒருவர் சொன்னால், 'எனக்கு இனியது' என்று சொல்லுங்கள் என அவரைத் திருத்தலாம், அவரும் ஒத்துக்கொள்வார் என்கிறார். நாக்கின் இன்பத்தில் அந்த 'எனக்கு'வைத் தாண்டி யாரும் அதிகாரம் கோர முடியாது.

ரொம்ப நாள் நான் ஹ்யூம் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கதையில் யார் சிரிக்கிறார்கள் என்று கவனித்தேன்.

பீட் புகை பார்லியில் விட்டுப்போகும் ஃபீனால் வகைகளில் கிரெசால் ஒன்று. மருத்துவமனைத் தரையைத் துடைக்கப் பயன்பட்ட அந்தக்கால லைசாலின் முக்கியச் சரக்கும் அதே கிரெசால். மாமா சொன்னது உவமை அல்ல. முப்பது வருடம் தினமும் முகர்ந்த பொருளை, இன்னொரு நாட்டில், இன்னொரு திரவத்துக்குள், ஒரே மூச்சில் அடையாளம் கண்டுபிடித்தார். ஐலா விஸ்கியை 'ஆஸ்பத்திரி வாசனை' என்று தேர்ந்த ருசிப்பாளர்களே எழுதுவார்கள், நானே படித்திருக்கிறேன். புத்தகத்தில் படித்தபோது தலையாட்டினேன். எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொன்னபோது சிரித்தேன். சாவியைக் கண்டுபிடித்தவர் அவர். பீப்பாயைச் சுற்றி நின்று சிரித்த கூட்டம் நான்.

ஹ்யூமின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த உறவினர்கள் இருவரும் தங்களுக்குத் தட்டுப்பட்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். இப்படிக் குடிக்காதே என்று யார் கையையும் பிடிக்கவில்லை. உணர்ந்ததைச் சொல்வதும் அடுத்தவரை ஆள்வதும் வேறுவேறு. எனக்குத் தெரிந்த இயற்பியலெல்லாம் சேர்ந்தாலும் 'ஐஸ் போட்டால் மணம் குறையும்' என்ற வாக்கியம்தான் வரும். 'ஆகவே நீங்கள் போடக் கூடாது' என்பது அதிலிருந்து வராது. அவருக்கு அந்த மணத்தைக் குறைப்பதுதான் தேவையாக இருந்திருக்கலாம். முப்பது வருடம் வார்டு வாசனையில் வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகும் கோப்பையில் அதை முழுசாகக் குடிக்கவேண்டுமா என்ன?

அதற்காக 'அவரவர் இஷ்டம்' என்று வாயை மூடிக்கொள்வதும் விடையில்லை. நமக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி ஒருவரிடம் எதுவுமே சொல்லாமல் விடுவதில் 'இவருக்கெங்கே புரியப்போகிறது' என்ற எண்ணம் ஒளிந்திருக்கும். அது சிரிப்பதைவிட மரியாதையானது ஒன்றுமில்லை.

லீத்தில் நான் போகும் பப்பில் ஒரு வயதான அம்மா பரிமாறுவார். பிரிட்டனில் பப்புகளில் விஸ்கி 25 அல்லது 35 மில்லி அளவில்தான் ஊற்ற வேண்டும். அளந்து ஊற்றுவார். பக்கத்தில் சின்னக் கூஜாவில் தண்ணீர் வைப்பார். ஐஸ் வேண்டுமா என்று கேட்பார். கேட்டால் போடுவார். யாராவது விவரம் விசாரித்தால், "மொதல்ல அப்படியே ஒரு வாய், அப்புறம் சில சொட்டுத் தண்ணி விட்டு ஒரு வாய், வித்தியாசம் தெரியுதா பாருங்க" என்கிற தோரணையில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். பதிலுக்குக்கூட நிற்கமாட்டார். பரிமாறும் முறை என்று நான் ஏதாவது கற்றேன் என்றால் இதுதான். தெரிந்ததை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது.

அந்த அளவுக் கிண்ணத்திலும் ஒரு நீதி இருக்கிறது. 40 சதவீத விஸ்கி 25 மில்லி என்பது சரியாக ஒரு யூனிட் ஆல்கஹால். வாரத்துக்கு 14-க்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனின் பரிந்துரை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. விஸ்கியால் பெயர் பெற்ற ஸ்காட்லாந்தே குடியின் சேதத்தைத் தாங்காமல் 2018-ல் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. ரசனை பற்றிப் பேசும் நாங்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 'இன்னொண்ணு ஊத்தட்டுமா' என்று வற்புறுத்துவதும், 'ஐஸ் போடாதீங்க' என்று தடுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இரண்டிலும் கோப்பை விருந்தாளியுடையது என்பது மறந்துபோகிறது.

கிரெசால் விஷயம் தெரிந்த அன்று மாமாவுக்குப் போன் போட்டேன். சர்க்கரை ஏறியதில் அதற்குள் அவர் குடியை அறவே விட்டிருந்தார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் மாமா. லைசால்ல இருக்கிற அதே கிரெசால்தான் அதுலயும் இருக்கு. நான்தான் தெரியாம சிரிச்சிட்டேன்."

"முப்பது வருஷம் மோந்தவனுக்குத் தெரியாதா மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை. அப்புறம், "ஆனா ரெண்டு ஐஸ் போட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."